அலென்ஸ்வர்த்தில் ரயில் நிற்கட்டும்: சான் வாக்கீன் ரயில் ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

கலிஃபோர்னியாவின் சான் வாக்கீன் பள்ளத்தாக்கில் பயணி ரயில்களை நடத்தும் ஆணையத்தின் உறுப்பினர்களுக்கு வணக்கம்.

என் கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சான் வாக்கீன்ஸ் என்ற பெயரில் மக்கள் பல்லாண்டுகளாக அறிந்திருக்கும் உங்கள் ரயில், சனி ஞாயிறுகளிலாவது, தெற்கே போகும்போது ஒருமுறையும் வடக்கே திரும்பும்போது ஒருமுறையும், கறுப்பின மக்கள் தாங்களே நிறுவிய ஊரான அலென்ஸ்வர்த்தில் நிற்க வேண்டும். யாராவது ஏறவோ இறங்கவோ இருந்தால் நின்றால் போதும். ஆள் இல்லாத நாளில் நிற்காமல் போகட்டும்.

இதற்காகப் புதிதாக ஒரு ஸ்டேஷன் கட்டச் சொல்லவில்லை. கார்கரனுக்கும் வாஸ்கோவுக்கும் நடுவில், கர்னல் அலென்ஸ்வர்த் மாநில வரலாற்றுப் பூங்காவை ஒட்டி, ஒரு நிறுத்தம் ஏற்கெனவே இருக்கிறது. பிப்ரவரியில் கறுப்பின வரலாற்று மாதக் கொண்டாட்டம், ஜூனில் அடிமை முறை ஒழிந்ததைக் கொண்டாடும் ஜூன்டீன்த், அக்டோபரில் ஊரின் மறு அர்ப்பணிப்பு விழா என்று ஆண்டில் சில நாட்கள் உங்கள் ரயில் அங்கே நிற்கிறது. கூட்டமாகப் போகிறவர்கள் முன்கூட்டியே சொல்லி ஏற்பாடு செய்தாலும் நிற்கிறது. மற்ற நாளெல்லாம் லெவல் கிராசிங்குக்காக இரண்டு நீளம், ஒரு குட்டை, மறுபடி ஒரு நீளம் என்று ஹாரன் அடித்துவிட்டு, மணிக்கு 79 மைல் வரை போகும் வேகத்தில் கடந்துவிடுகிறது. ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவர் போனிலிருந்து தலையை நிமிர்த்துவதற்குள் பள்ளிக்கூடம், நூலகம், தேவாலயம், கர்னலின் வீடு எல்லாம் பின்னால் போயிருக்கும்.

நான் ஃப்ரெஸ்னோவில் குடியிருப்பவன், உங்கள் ரயிலில் அடிக்கடி போய்வருபவன். இந்த மடலின் ஆங்கிலப் படி உங்கள் அலுவலகத்துக்குத் தனியாக வரும். இங்கே தமிழில் எழுதுவது, கலிஃபோர்னியாவில் இத்தனை பேர் இருந்தும் இப்படி ஓர் ஊர் இருப்பதே தெரியாமல் அதைக் கடந்து போகும் நம்மவர்களும் படிக்கட்டும் என்பதற்காக. பொதுமக்களின் கோரிக்கை என்றால் அதில் எங்கள் குரலும் சேரவேண்டும் அல்லவா.

உங்கள் ரயில் ஓடும் அந்தத் தண்டவாளத்தின் கதையிலிருந்து தொடங்குகிறேன். 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் இந்தப் பள்ளத்தாக்கில் சதர்ன் பசிபிக் கம்பெனி வைத்ததுதான் சட்டம். எந்த ஊர் வளர வேண்டும், ஒரு மூட்டை கோதுமையைத் துறைமுகத்துக்கு அனுப்ப என்ன கட்டணம், எல்லாம் அவர்கள் கையில். நில விலைத் தகராறில் 1880 மே மாதம் ஹான்ஃபோர்டு அருகே மசல் ஸ்லூவில் துப்பாக்கிச் சண்டையே நடந்து ஏழு பேர் செத்தார்கள். அந்த ஏகபோகத்தை உடைக்க வேண்டும் என்று சர்க்கரை ஆலை அதிபர் கிளாஸ் ஸ்ப்ரெக்கிள்ஸ் முன்னின்று, வியாபாரிகளும் விவசாயிகளும் பங்குப் பணம் போட்டு, 1895இல் ஸ்டாக்டனிலிருந்து தொடங்கிய போட்டிப் பாதை இது. மக்கள் ரயில் என்றே அதைக் கூப்பிட்டார்கள். 1898இல் பேக்கர்ஸ்ஃபீல்டை எட்டியது. கொஞ்ச காலத்திலேயே சான்டா ஃபே கம்பெனி அதை வாங்கிவிட்டது. 1990களில் சான்டா ஃபேயும் பர்லிங்டன் நார்தர்னும் ஒன்றாகி, இப்போது பாதை பி.என்.எஸ்.எஃப் கம்பெனியின் சொத்து. நீங்கள் அதில் விருந்தாளியாக ரயில் ஓட்டுகிறீர்கள்.

பள்ளத்தாக்கின் வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். கிழக்கே சதர்ன் பசிபிக் பாதையில் டுலேரி, பிக்ஸ்லி, எர்லிமார்ட், டெலேனோ என்று ஊர்கள் வரிசையாக இருக்கும். அதற்கு ஏழெட்டு மைல் மேற்கே, பள்ளத்தாக்கின் அடிமட்டத்தில், சான்டா ஃபே பாதை. கடல் மட்டத்திலிருந்து சுமார் 200 அடி உயரம்தான். நிலம் களர். கோடையில் வெயில் கொளுத்தும், குளிர்காலத்தில் டூலே மூடுபனி வந்தால் பத்தடி தள்ளி நிற்கும் ஆள் தெரியாது. டுலேரி ஏரி பரந்து கிடந்த தாழ்நிலத்தின் ஓரம் அது. மிசிசிப்பிக்கு மேற்கே பரப்பளவில் மிகப் பெரிய நன்னீர் ஏரியாக ஒரு காலத்தில் இருந்தது அந்த ஏரி. யோகுட்ஸ் என்ற பழங்குடி மக்கள் அதன் கரையில் மீனும் கோரையும் கொண்டு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் வாழ்ந்தார்கள். ஆறுகளைத் திருப்பி, அணை கட்டி, ஏரிப் படுகையைப் பருத்தி வயலாக்கிவிட்டார்கள். அந்தப் பாதையில் சொலிட்டோ என்று ஒரு சின்ன நிறுத்தம் இருந்தது. தானிய மூட்டைகளும் மாடுகளும் வண்டியில் வந்து ரயிலில் ஏறும் இடம். ஊர் என்று சொல்ல ஒன்றும் இல்லை.

1908இல் அந்த நிறுத்தத்தைத் தேர்ந்தெடுத்தார் லெப்டினன்ட் கர்னல் ஆலன் அலென்ஸ்வர்த். அவர் 1842இல் கென்டக்கி மாநிலம் லூயிவில்லில் அடிமையாகப் பிறந்தவர். எழுத்துக் கூட்டிப் படிக்க முயன்ற குற்றத்துக்காகப் பன்னிரண்டு வயதில் தாயிடமிருந்து பிரித்து வேறிடத்துக்கு விற்கப்பட்டார். உள்நாட்டுப் போரின்போது வடக்குப் படையோடு சேர்ந்து தப்பி, கடற்படையில் பணியாற்றினார். போருக்குப் பின் படித்தார், பாப்டிஸ்ட் போதகரானார். 1886இல் கறுப்பின வீரர்களின் 24ஆம் காலாட்படைக்கு மதகுருவாக நியமனம். போன இடமெல்லாம் வீரர்களுக்கு எழுத்தும் கணக்கும் சொல்லிக்கொடுக்க வகுப்பு நடத்தினார். 1906இல் ஓய்வு பெற்றபோது, லெப்டினன்ட் கர்னல் பதவியை எட்டிய முதல் கறுப்பினத்தவர் அவர்தான்.

ஓய்வுக்குப் பின் லாஸ் ஏஞ்சலஸ் வந்தார். பசடீனாவில் ஆசிரியர் வில்லியம் பெய்னைச் சந்தித்தார். அவர்களோடு போதகர் வில்லியம் பெக், சுரங்கத் தொழில் செய்த ஜே. டபிள்யூ. பால்மர், நிலத் தரகர் ஹாரி மிட்செல் என்று மூன்று பேர் சேர்ந்தார்கள். கறுப்பின மக்கள் தாங்களே நிலம் வாங்கி, தாங்களே ஊரை ஆண்டு, யார் தயவும் இல்லாமல் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் ஓர் ஊர் வேண்டும் என்பது அவர்கள் திட்டம். ஏன் சொலிட்டோ? நிலம் மலிவு. நிலத்தடி நீர் ஏராளம் என்று விற்றவர்கள் சொன்னார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, லாஸ் ஏஞ்சலஸையும் சான் ஃபிரான்சிஸ்கோவையும் இணைக்கும் ரயில் அங்கே நின்றது. ரயில் நின்றால் விளைச்சலை அனுப்பலாம், புதிதாகக் குடியேறுகிறவர்கள் பெட்டி படுக்கையோடு வந்து இறங்கலாம், வழிப்போக்கர்களுக்குச் சோறு போட்டுப் படுக்க இடம் கொடுத்து நாலு காசு பார்க்கலாம். அந்த ஊர் பிறந்ததே ரயில் நின்றதால்தான். என் கோரிக்கையின் அடிப்படையும் இதுதான்.

அடுத்த ஐந்தாறு ஆண்டுகளில் அவர்கள் செய்த வேலையை நினைத்தால் மலைப்பாக இருக்கிறது. தெருக்களுக்கு அடிமை ஒழிப்புப் போராளி சோஜர்னர் ட்ரூத், கறுப்பினக் கவிஞர் டன்பார் போன்றவர்களின் பெயர்கள். ஹோட்டல், மளிகைக் கடை, முடிதிருத்தகம், தபாலாபீஸ். 1912இல் பள்ளிக்கூடம். அரசு ஓர் ஆசிரியருக்குத்தான் சம்பளம் தரும் என்றபோது, இரண்டாவது ஆசிரியருக்காக ஊரார் தங்கள் மேல் தாங்களே வரி போட்டுக்கொண்டார்கள். கர்னலின் மனைவி ஜோசஃபின் தன் தாயின் நினைவாகக் கட்டிக் கொடுத்த மேரி டிக்கின்சன் நூலகம் 1913 ஜூலையில் திறந்தது. படிக்க முயன்றதற்காக விற்கப்பட்ட பையன், எழுபது வயதில் தன் சொந்தப் புத்தகங்களைத் தூக்கிக்கொண்டுபோய் அந்த அலமாரியில் வைத்தார். 1914இல் ஊர் தனி வாக்குச்சாவடியும் தனி நீதி வட்டமும் பெற்றது. ஆஸ்கர் ஓவர் சிறு வழக்குகளை விசாரிக்கும் அமைதி நீதிபதியாகவும் வில்லியம் டாட்சன் காவலராகவும் தேர்வானார்கள். கலிஃபோர்னியாவில் கறுப்பினத்தவர் அந்தப் பதவிகளுக்கு வந்தது அதுவே முதல்முறை.

அந்தப் பள்ளிக்கூடம் இன்றும் நிற்கிறது. உள்ளே போனால் மர மேசைகள், கரும்பலகை, மேலே மணிக்கூண்டு. 1972 வரை அந்த ஊர்ப் பிள்ளைகள் படித்த பள்ளி அது. அதாவது கர்னல் இறந்து ஐம்பத்தெட்டு ஆண்டுகளுக்கு அங்கே மணி அடித்திருக்கிறது. அலென்ஸ்வர்த் ஏதோ நான்கைந்து ஆண்டு மின்னி அணைந்துபோன கனவு என்று எழுதுகிறவர்கள் இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை.

சரி, ரயிலுக்கு வருவோம். ஊரில் பெரும்பாலான வேலைகளைக் கறுப்பின மக்களே பார்த்தபோதும், ஸ்டேஷன் வேலைக்கு மட்டும் ஒரு கறுப்பினத்தவரை எடுக்க சான்டா ஃபே கம்பெனி மறுத்தது. தங்கள் ஊர் ஸ்டேஷனில் டிக்கெட் கிழிக்கும் வேலைகூடத் தங்களுக்குக் கிடையாது என்ற நிலை. ஊரார் எழுதினார்கள், கேட்டார்கள், பலனில்லை. பிறகு 1914இல் அடி விழுந்தது. மேற்கே ஏழு மைல் தள்ளியிருந்த, வெள்ளையர் ஊரான ஆல்பாவுக்கு சான்டா ஃபே ஒரு கிளைப்பாதை போட்டது. அலென்ஸ்வர்த்துக்கு வண்டி கட்டி வந்துகொண்டிருந்த தானியமும் மாடும் ஆல்பாவிலேயே ரயிலேற ஆரம்பித்தன. சரக்கு போனது. சரக்கோடு வந்த ஆட்களும், அவர்களை நம்பியிருந்த கடையும் ஹோட்டலும் படுத்தன.

அதே காலத்தில் தண்ணீரும் கைவிட்டது. நிலத்தை விற்ற பசிபிக் ஃபார்மிங் கம்பெனி எவ்வளவு வேண்டுமானாலும் தண்ணீர் தருவதாகச் சொல்லியிருந்தது. தானாகப் பொங்கிய ஊற்றுக் கிணறுகளின் மட்டம் இறங்கியபோது, புதிய கிணறு தோண்டித்தர அதன் தண்ணீர் கம்பெனிக்கு மனம் வரவில்லை. ஊரார் சட்டப்படி போராடித் தண்ணீர் அமைப்பைக் கைப்பற்றினார்கள். கைக்கு வந்தது பழைய பம்புகளும் கட்டாத வரிப் பாக்கியும். 1914 செப்டம்பரில் மன்ரோவியா நகரில் பிரசங்கம் செய்யப் போன கர்னல், தெருவைக் கடக்கும்போது மோட்டார் சைக்கிள் மோதி இறந்தார். அடுத்த ஆண்டு, ஊரில் ஒரு தொழிற்கல்லூரி தொடங்க அரசுப் பணம் கேட்ட மசோதா சட்டமன்றத்தில் தோற்றது. இதில் வருத்தமான ஒரு நியாயமும் உண்டு. லாஸ் ஏஞ்சலஸிலும் சான் ஃபிரான்சிஸ்கோவிலும் இருந்த கறுப்பினத் தலைவர்கள் பலரே அந்தக் கல்லூரியை எதிர்த்தார்கள். கறுப்பினத்தவருக்குத் தனிக் கல்லூரி என்று அரசே கட்டினால், மற்ற கல்லூரிகளின் கதவைச் சாத்த அது சாக்காகிவிடும் என்று பயந்தார்கள். அந்தப் பயத்தை என்னால் தவறென்று சொல்ல முடியவில்லை.

தலைவர் இறந்தார், ஊர் தேய்ந்தது என்று சுருக்கமாகச் சொல்வது வழக்கம். நான் அதை ஏற்கவில்லை. தலைவர் போனபின் தாக்குப்பிடித்த ஊர்கள் எத்தனையோ. ரயிலும் தண்ணீரும் இரண்டும் ஒரே நேரத்தில் போனபின் எந்த ஊர் தாக்குப்பிடிக்கும்? அந்த இரண்டும் அலுவலக மேசைகளில் எடுக்கப்பட்ட முடிவுகளால் போனவை. இயற்கையின் விதி என்று அதற்குப் பெயர் சூட்டக் கூடாது.

அப்படியும் ஊர் காலியாகிவிடவில்லை. 1931இல் தபாலாபீஸ் மூடியது. பொருளாதாரப் பெருமந்தத்தில் பலர் நகரங்களுக்குப் போனார்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இன்னும் பலர் ஓக்லண்டுக்கும் லாஸ் ஏஞ்சலஸுக்கும் வேலை தேடிப் போனார்கள். 1966இல் குடிநீரில் ஆர்செனிக் இருப்பது தெரியவந்தபோது ஊரே இல்லாமல் போய்விடும் என்றுதான் நினைத்தார்கள். அப்போது கர்னிலியஸ் போப் என்பவர் எழுந்து நின்றார். சிறுவனாக இருந்தபோது அலென்ஸ்வர்த்தில் வளர்ந்து அந்தப் பள்ளியில் படித்தவர், பின்னர் கலிஃபோர்னியா பூங்காத் துறையில் வரைவாளராக வேலை பார்த்தவர். மார்ட்டின் லூதர் கிங் கொலையுண்டபின், தன் ஊரை நினைவிடமாக்க வேண்டும் என்று தன் துறையிலேயே கதவு கதவாகத் தட்டினார். ஊர் தேசிய வரலாற்று இடங்களின் பட்டியலில் ஏறியது. 1974இல் மாநிலம் நிலத்தை வாங்கியது, 1976 அக்டோபரில் பூங்காவை அர்ப்பணித்தது.

அந்த 1974ஆம் ஆண்டைக் கொஞ்சம் கவனியுங்கள். அந்த மார்ச் மாதத்தில்தான் உங்கள் ரயில் இந்தப் பாதையில் ஓடத் தொடங்கியது. பயணி ரயிலே இல்லாமல் மூன்றாண்டு கிடந்த பள்ளத்தாக்குக்கு மறுபடி ரயில் வந்ததும், அலென்ஸ்வர்த்தின் நிலத்தை மாநிலம் வாங்கியதும் ஒரே ஆண்டில். இரண்டுக்கும் காசு கொடுத்தவர்கள் இதே மக்கள். பூங்காவை வாசலில் வைத்துக்கொண்டே இத்தனை காலம் ரயில் கடந்து போய்க்கொண்டிருக்கிறது.

பூங்காவைப் பற்றி மட்டும் பேசினால் அங்கே இன்றும் வாழ்கிறவர்களுக்குச் செய்யும் அநியாயம். பூங்காவை ஒட்டி ஐந்நூற்றுச் சொச்சம் பேர் குடியிருக்கிறார்கள். பெரும்பாலும் லத்தீன் அமெரிக்க வம்சாவளிக் குடும்பங்கள், பலர் வயல்வேலைக்காரர்கள். பழைய கறுப்பினக் குடும்பங்களின் வாரிசுகளும் இருக்கிறார்கள். ஆர்செனிக் பிரச்சினை இன்றுவரை தீரவில்லை. பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அங்கே வந்து நிலத்தடி நீரிலிருந்து ஆர்செனிக்கைப் பிரிக்கும் முறையைச் சோதித்துப் பார்த்தார்கள். பெரிய கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் டெலேனோவோ இன்னும் தூரமோ போக வேண்டும். கார் இல்லாதவர் பாடு திண்டாட்டம்தான்.

2023 மார்ச்சில் அங்கே என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்தக் குளிர்காலத்தில் மலையில் பனியும் பள்ளத்தாக்கில் மழையும் கொட்டி, செத்ததாக நினைத்த டுலேரி ஏரி திரும்ப வந்தது. போசோ ஓடையும் டியர் ஓடையும் கரை உடைத்துக்கொண்டு அலென்ஸ்வர்த்தை நோக்கி வந்தன. ஊரைக் காலி செய்யச் சொன்னார்கள். பலர் போக மறுத்து, இருந்த டிராக்டரையும் மண்வெட்டியையும் வைத்துக்கொண்டு கரை கட்டினார்கள். தண்டவாளத்தின் அடியிலிருந்த மதகு வழியாகத் தண்ணீர் ஊர்ப்பக்கம் பாய்ந்தபோது, ஒட்டுப்பலகையும் மண்ணும் போட்டு அதை அடைத்தார்கள். ரயில்வே கம்பெனி ஆட்கள் வந்து அந்த அடைப்பை எடுத்துவிட்டார்கள். தண்டவாளம் அரித்துப் போகக் கூடாது என்பது அவர்கள் கவலை. அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு 1914தான் நினைவுக்கு வந்தது. மதகில் உங்களுக்குப் பங்கில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் அந்த ஊருக்கு ரயில்பாதையால் இதுவரை வந்து சேர்ந்தது பெரும்பாலும் நஷ்டம். நன்மை என்று ஒன்றைச் செய்துகாட்டும் நிலையில் இன்று இருப்பவர்கள் நீங்கள்தான்.

நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள் என்று யோசித்துப் பார்த்தேன். பயணிகள் குறைவு என்பீர்கள். வேண்டும்போது மட்டும் நிற்கும் நிறுத்தங்களை, நாடு முழுக்கப் பயணி ரயில் ஓட்டும் ஆம்ட்ராக் நிறுவனம் இந்த நாட்டிலேயே நடத்துகிறது. மேற்கு வர்ஜீனியாவில் நியூ ரிவர் ஆற்றின் பள்ளத்தாக்கில் தர்மண்ட் என்று ஓர் ஊர் இருக்கிறது. நிலக்கரி ரயில்களால் ஒரு காலத்தில் கொழித்த ஊர். மலைக்கும் ஆற்றுக்கும் இடையில் தெருப் போடக்கூட இடமில்லாமல், கடைகளும் வங்கியும் தண்டவாளத்தைப் பார்த்தே வாசல் வைத்துக் கட்டப்பட்டவை. நீராவி எஞ்சின் போய் டீசல் வந்ததும் ஊர் வற்றியது. 2020 கணக்கெடுப்பில் அங்கே இருந்தவர்கள் 5 பேர். பழைய ஸ்டேஷன் இப்போது தேசியப் பூங்காத் துறையின் பார்வையாளர் மையம். அங்கே ஆம்ட்ராக்கின் கார்டினல் ரயில் வாரத்தில் மூன்று நாள், ஆள் இருந்தால் நிற்கிறது. ஐந்து பேர் இருக்கும் ஊருக்கு முடிகிறது என்றால், ஐந்நூறு பேர் குடியிருக்கும், மாநிலமே வரலாற்றுப் பூங்கா அமைத்திருக்கும் ஊருக்கு ஏன் முடியாது?

நேரம் போகும் என்பீர்கள். விழா நாட்களில் நிற்கும்போது அந்த நேரத்தை எப்படிச் சரிக்கட்டுகிறீர்களோ அப்படியே இதையும் செய்யலாம். தண்டவாளம் பி.என்.எஸ்.எஃப் கம்பெனியுடையது, அவர்கள் ஒப்புக்கொள்ள வேண்டும் என்பீர்கள். இது உண்மையான சிக்கல்தான், மறுக்கவில்லை. சரக்கு ரயில்களுக்கு நடுவே ஒரு நிறுத்தத்தை நுழைப்பது லேசான காரியமல்ல. ஆனால் கேட்காமல் எப்படிக் கிடைக்கும்? விழாக்களுக்கு ஒப்புக்கொண்டவர்களிடம், வாரக் கடைசிக்கு நீங்கள் எழுத்தில் கேட்டுப் பதிலையும் பொதுவில் வைக்க வேண்டும் என்கிறேன். சக்கர நாற்காலியில் வருகிறவர்களுக்கு ஏற்றபடி பிளாட்பாரத்தைச் சீர்செய்யச் செலவாகும் என்பீர்கள். அந்தச் செலவு நியாயமானது. எவ்வளவு ஆகும் என்று கணக்குப் போட்டுச் சொல்லுங்கள். அதற்கு நிதி கேட்டு எங்கள் சட்டமன்ற உறுப்பினர்களின் வாசலில் போய் நிற்பது எங்கள் பொறுப்பு.

எல்லாவற்றையும்விட எனக்குப் பயம் தருவது வேறொன்று. மெர்செடுக்கும் பேக்கர்ஸ்ஃபீல்டுக்கும் இடையே அதிவேக ரயில் வந்ததும், உங்கள் ரயில்கள் மெர்செடோடு திரும்பிவிடும் என்று திட்டங்களில் இருக்கிறது. அதிவேகப் பாதை இதே வட்டாரத்தில், அலென்ஸ்வர்த்தை ஒதுக்கிச் சுற்றிக்கொண்டு போகிறது. அதற்கு நிலையங்கள் ஃப்ரெஸ்னோவிலும், ஹான்ஃபோர்டு அருகிலும், பேக்கர்ஸ்ஃபீல்டிலும். அலென்ஸ்வர்த்தில் அது நிற்கும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை, நானும் கேட்கவில்லை. பழைய பாதையில் பயணி ரயிலே இல்லாமல் போனால் கார்கரன், வாஸ்கோ மக்களின் கதி என்ன? விழா நாட்களில் நிற்கும் ரயிலும் போய்விட்டால் அலென்ஸ்வர்த்துக்கு என்ன மிச்சம்? அதிவேக ரயிலுக்கு நான் எதிரி இல்லை. இந்தப் பள்ளத்தாக்கின் பிள்ளைகளுக்கு அது வேண்டும். ஆனால் மாற்று ஏற்பாடு என்று நீங்கள் எழுதப்போகும் ஆவணங்களில் இந்த ஊர்களுக்கான இணைப்பு பேருந்தோ ரயிலோ எதுவென்று, எத்தனை முறை என்று, ஊர்ப் பெயரோடு இருக்க வேண்டும். பெயர் குறிப்பிடாத வாக்குறுதிகளை நம்பி ஏமாந்த அனுபவம் அந்த ஊருக்கு ஏராளம். ஊற்றுத் தண்ணீர் வாக்குறுதியும் அப்படிப்பட்டதுதான்.

நிறுத்தம் வந்தால் யார் போவார்கள் என்று கேட்டால், நான் பார்த்ததைச் சொல்கிறேன். விழா நாளில் அந்த ரயில் நிறையப் போகிறது. ஓக்லண்டிலிருந்து பாட்டிமார் பேரப்பிள்ளைகளோடு வருகிறார்கள். தேவாலயக் குழுக்கள் சாப்பாட்டுக் கூடைகளோடு வருகின்றன. கார் ஓட்ட முடியாத வயதானவர்கள்தான் அதில் அதிகம். அலென்ஸ்வர்த்தில் படித்தவர்களின் பிள்ளைகள் அவர்கள். தங்கள் தாத்தா வந்து இறங்கிய இடத்தில் தாங்களும் ரயிலிலிருந்து இறங்க வேண்டும் என்று ஆசைப்படுகிறார்கள். விழாவுக்கு வர முடியாதவர் சாதாரண ஒரு சனிக்கிழமையில், கூட்டம் இல்லாத நேரத்தில், நூலகத்தின் முன் நின்று பார்த்துவிட்டு மாலை ரயிலில் திரும்ப முடியாதா? பள்ளிக்கூடங்கள் நான்காம் வகுப்பில் கலிஃபோர்னிய வரலாறு நடத்துகின்றன. ஃப்ரெஸ்னோவிலோ பேக்கர்ஸ்ஃபீல்டிலோ இருக்கும் ஒரு பள்ளிப் பிள்ளைக்கு, மிஷன் தேவாலயங்களும் தங்க வேட்டையும் தெரிந்த அளவுக்கு, பக்கத்து மாவட்டத்தில் இருக்கும் இந்த ஊர் தெரிய வேண்டாமா? ஊரில் வசிக்கும் ஒருவர் ஃப்ரெஸ்னோவில் இருக்கும் மகளைப் பார்க்க, தன் ஊரிலிருந்தே ரயிலேற வேண்டாமா?

ஆகவே நான் கேட்பவை: அடுத்த கால அட்டவணையில் சனி ஞாயிறுகளுக்கு அலென்ஸ்வர்த்தை வேண்டும்போது நிற்கும் நிறுத்தமாகச் சேருங்கள், முதலில் ஓராண்டுச் சோதனையாகவாவது. பி.என்.எஸ்.எஃப் கம்பெனியிடம் எழுத்தில் கேட்டு, பதிலை வெளியிடுங்கள். அதிவேக ரயிலுக்குப் பிந்தைய திட்டங்களில் கார்கரன், அலென்ஸ்வர்த், வாஸ்கோ மூன்றுக்கும் என்ன ஏற்பாடு என்று பெயர் சொல்லி எழுதுங்கள். இதைப் பற்றிப் பேச அலென்ஸ்வர்த் மக்களை உங்கள் கூட்டத்துக்கு வரச் சொல்லாதீர்கள். ஒரு கூட்டத்தை அந்த ஊரிலேயே நடத்துங்கள், ஸ்பானிஷ் மொழிபெயர்ப்பாளரோடு. உங்கள் ரயிலை அங்கே நிறுத்தி அதிலேயே நீங்கள் வந்து இறங்கலாம்.

உங்கள் அடுத்த பொதுக் கூட்டத்தில் மக்கள் பேசுவதற்கான நேரத்தில் என் பெயரைப் பதிவு செய்திருக்கிறேன். அன்று இதையே நேரில் கேட்பேன்.

இப்படிக்கு,
ஃப்ரெஸ்னோவிலிருந்து உங்கள் பயணி ஒருவர்